சக்கரம் நனைந்த கடலும் சக்கரம் புதைந்த மணலும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தில் சைக்கிளில் நெடும்பயணம் தொடங்குவோரிடையே ஒரு வழக்கம் உண்டு. வண்டியைக் கடலோரம்வரை தள்ளிச் சென்று பின்சக்கரத்தைப் பசிபிக் பெருங்கடலின் அலையில் நனைப்பர். பிறகு கிழக்கு நோக்கித் திரும்பி, நாலாயிரம் மைலுக்கு மேல் மிதித்து, விர்ஜீனியாவில் யார்க்டவுனை அடைந்து, அங்கே முன்சக்கரத்தை நனைப்பர். ஒரு கண்டத்தை இரண்டு சக்கரங்களால் அளந்தாயிற்று என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்பாதை 1976-ஆம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்கா விடுதலை பெற்ற இருநூறாம் ஆண்டு அது. வட அமெரிக்காவின் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் முனை நோக்கி 1972-இல் சைக்கிளில் புறப்பட்ட சைப்பிள், பர்டன் என்னும் இரு தம்பதியர், விடுதலை விழாவைச் சைக்கிளிலேயே கொண்டாடினால் என்ன என்று வழியிலேயே எண்ணினர். பெருஞ்சாலைகளை விட்டு விலகி, போக்குவரத்துக் குறைந்த கிராமச் சாலைகளாகத் தேடித் தேடி ஒன்றோடொன்று கோத்து வரைபடம் ஆக்கினர். அந்தக் கோடைக்காலத்தில் ஏறத்தாழ 4,100 பேர் இப்பாதையில் வந்தனர். அவருள் பாதிப்பேர் அளவில் முழுத் தொலைவையும் கடந்தனர். புதிய சாலை ஒரு முழம்கூடப் போடப்படவில்லை. இருந்த சாலைகளுக்கு ஒரு வரிசை கிடைத்தது, அவ்வளவே.

அந்த வரிசையின் அழகை என்னென்பது! ஆஸ்டோரியாவில் கொலம்பியா ஆறு கடலோடு கலக்கும் இடத்திலிருந்து கரையோரமாகவே தெற்கே செல்லும் வழியில் ஒருபுறம் பாறையில் மோதும் அலை, மறுபுறம் மழையில் நனைந்து நிற்கும் ஊசியிலைக் காடு. பின்னர் உள்நாட்டுக்குத் திரும்பி மெக்கென்ஸி கணவாயில் ஏறினால், 5,325 அடி உயரத்தில், எரிமலைக் குழம்பு உறைந்து கருங்கல் வெளியாய்க் கிடக்கும். அடர்ந்த காட்டிலிருந்து அந்தக் கரிய பாலைக்குள் நுழைகிறவர் வேறோர் உலகத்துக்கு வந்துவிட்டதாகவே எண்ணுவார். ஐடஹோவில் லாக்ஸா ஆற்றின் ஓரமாக, காட்டின் நடுவே, வளைந்து வளைந்து ஏறுகிறது வழி. ‘வளைந்த சாலை, அடுத்த 99 மைல்’ என்று எச்சரிக்கும் பலகை அங்கே பெயர்பெற்றது. அதன் முடிவில் லோலோ கணவாய். அதைத் தாண்டி இறங்கினால் மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரம். அதன்பின் யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றுகள், கொலராடோவில் 11,500 அடிக்கு மேல் உயர்ந்த ஹூஸியர் கணவாய், முடிவே இல்லாததுபோல் தோன்றும் கன்சாஸ் சமவெளி, கெண்டக்கியின் மேடுகள், நீலமலைத் தொடர் என்று கிழக்குக் கடல்வரை காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும்.

நாம் மிசூலாவில் இறங்கிக்கொள்வோம். இப்பாதையை அமைத்த சங்கம் தன் தலைமையகத்தை இந்த நகரில்தான் வைத்தது. ஆயின் மிசூலாவுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு அதற்கு எண்பது ஆண்டு மூத்தது. அந்தப் பழைய உறவில் விழாவும் இல்லை, விடுமுறையும் இல்லை.

மிசூலாக் கோட்டையில் 1888 முதல் 25-ஆம் காலாட்படை தங்கியிருந்தது. படைவீரர் அனைவரும் கறுப்பின மக்கள், அதிகாரிகள் வெள்ளையர். அடிமை முறை ஒழிந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. ஐரோப்பியப் படைகளில் சைக்கிளைப் புகுத்திப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. குதிரைக்குத் தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், இளைப்பாற நேரமும் வேண்டும். சைக்கிளுக்கு இவை எதுவும் வேண்டா. மலைநாட்டில் அது பயன்படுமா என்று பார்க்க விரும்பினார் ஜேம்ஸ் மாஸ் என்னும் இளம் அதிகாரி. தெற்கே லூயிசியானாவைச் சேர்ந்தவர். இராணுவக் கல்லூரியில் தம் வகுப்பில் கடைசியாகத் தேறியவர். கடைசியாக வந்தவரை ஒதுக்குப்புறமான கோட்டைக்கு அனுப்பியதால்தான் இந்த வரலாறே நிகழ்ந்தது என்றும் சொல்லலாம்.

1896 ஆகஸ்டில் எட்டு வீரர்களோடு முதற் சோதனை நடந்தது. வடக்கே மெக்டானல்டு ஏரிக்குப் போய் வந்தனர். அதே மாதம் யெல்லோஸ்டோனுக்குப் புறப்பட்டு, சுமார் 800 மைல் சுற்றித் திரும்பினர். இன்று ஆயிரக்கணக்கானோர் இன்பச் சுற்றுலாவாக மிதிக்கும் அதே மலைநாடுதான். அன்று அங்கே இருந்தவை மாட்டுவண்டித் தடங்களும் இரயில் பாதையின் கட்டைகளுமே.

பெரிய சோதனை அடுத்த ஆண்டு வந்தது. 1897 ஜூன் 14 அன்று, வைகறையில், இருபது வீரர்களும் மாஸும் ஒரு மருத்துவரும் ஒரு இளம் செய்தியாளரும் மிசூலாவிலிருந்து புறப்பட்டனர். சேரவேண்டிய இடம் மிசௌரியின் செயின்ட் லூயிஸ், 1,900 மைல். ஸ்பால்டிங் நிறுவனத்தார் கொடுத்த சைக்கிள்கள். கூடாரம், போர்வை, சமையற் பாத்திரம், உணவு என எல்லாம் வண்டியிலேயே கட்டியிருந்தனர். சுமையோடு சேர்த்து ஒவ்வொரு வண்டியும் அறுபது இராத்தலை நெருங்கியது. துப்பாக்கியும் தோட்டாக்களும் வேறு. பழுது பார்க்க ஜான் ஃபிண்ட்லி என்னும் வீரர் இருந்தார். முன்பு சிகாகோவில் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என் எண்ணத்தில் அப்படையின் உண்மையான தளபதி அவர்தான். அவருடைய கை ஓய்ந்திருந்தால் அத்தனை பேரும் நடந்தே போயிருப்பர்.

ராக்கி மலைமுகட்டை அவர்கள் தாண்டியபோது ஜூன் மாதமாய் இருந்தும் பனி பெய்தது. மலையிறங்கியதும் மழை. அந்நாட்டுக் களிமண் சக்கரத்தில் பசையாய் ஒட்டி, சுழலவிடாமல் அடைத்துவிடும். அப்போதெல்லாம் இரயில் பாதையில் ஏறி, கட்டைக்குக் கட்டை குலுங்கக் குலுங்க ஓட்டுவதும், தள்ளுவதுமாகச் சென்றனர். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகள் எல்லாவற்றினும் கொடியவை. ஏறத்தாழ 170 மைலுக்கு மணல். நூறு பாகையைத் தாண்டிய வெயில். கிடைத்த தண்ணீரோ உவர் கலந்தது. குடித்தவர் நோயுற்றனர், மாஸே படுத்துவிட்டார். சுமையேற்றிய சைக்கிளைச் சுடுமணலில் ஒரு பர்லாங்கு தள்ளிப் பார்த்தவர்க்கு இது விளங்கும். மிதிப்பதைவிட நடப்பது எளிது. நடப்பதைவிட வண்டியை எறிந்துவிடுவது எளிது. எறிய அவர்களுக்கு உரிமை இல்லை.

ஜூலை 24 அன்று, நாற்பத்தோராம் நாளில், செயின்ட் லூயிஸை அடைந்தனர். உள்ளூர்ச் சைக்கிள்காரர்கள் எதிர்கொண்டு அழைத்துவந்தனர். அவர்களைப் பார்க்கப் பூங்காவில் ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டது. சைக்கிளிலேயே மேலும் செல்ல மாஸ் அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. இரயிலேறித் திரும்பினர். மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோ கடற்கரைவரை போக அவர் வகுத்த திட்டமும் ஏற்கப்படவில்லை. 1898-இல் ஸ்பெயினோடு போர் மூண்டது. படை கியூபாவுக்குச் சென்றது. அத்தோடு சைக்கிள் படை முடிந்தது.

ஆனால் அவ்வீரர்களுள் ஒருவரின் கதை அங்கே முடியவில்லை. மிங்கோ சாண்டர்ஸ் என்னும் சார்ஜெண்ட், 1897 பயணத்தில் எல்லாரினும் மூத்தவர். நாற்பதை நெருங்கிய வயது. கியூபாவிலும் போரிட்டார். 1906-இல் அவருடைய கம்பெனி டெக்சாஸில் பிரவுன்ஸ்வில் என்னும் ஊரில் இருந்தது. கறுப்பின வீரர் அங்கு வந்ததே ஊராருக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 13 நள்ளிரவை ஒட்டித் துப்பாக்கிச்சூடு நடந்தது. மதுக்கடை ஊழியர் ஒருவர் இறந்தார். பழி வீரர்மேல் விழுந்தது. அவர்கள் அந்நேரம் பாசறையில் இருந்தனர் என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே கூறினர். ‘குற்றவாளியைக் காட்டிக்கொடுங்கள்’ என்றது அரசு. காட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை. அதனையே சதி என்று கொண்டு, விசாரணை மன்றமே இன்றி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரையும் மதிப்பிழக்கச் செய்து படையிலிருந்து நீக்கினார். தேர்தல் முடியும்வரை அந்த ஆணையை வெளியிடாமல் வைத்திருந்ததை அரசியல் தந்திரம் என்பதா, அச்சம் என்பதா! கால் நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றி, ஓய்வூதியம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாண்டர்ஸ் வெறுங்கையோடு வெளியேறினார். 1929-இல் இறந்தார்.

ஜான் வீவர் என்னும் எழுத்தாளர் 1970-இல் இவ்வழக்கை ஆராய்ந்து நூல் எழுதினார். அதன் விளைவாக நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. 1972-இல் இராணுவம் தன் ஆணையைத் திருத்தி, நீக்கப்பட்டோர் அனைவருக்கும் மதிப்புடைய விடுவிப்பு அளித்தது. பெற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. டார்சி வில்லிஸ் என்பவர் மட்டும், நீக்கப்பட்ட பின் பல பத்தாண்டுகள் முடிதிருத்தும் கடையொன்றில் காலணிக்கு மெருகிட்டுப் பிழைத்தவர், 1973-இல் 25,000 டாலர் இழப்பீடு பெற்றார். அவர் சைக்கிள் படை கலைந்த பின்னர்ச் சேர்ந்தவர். சாண்டர்ஸின் கல்லறை வாஷிங்டனுக்கு அருகே ஆர்லிங்டனில் இருக்கிறது.

1974-இல் மொன்டானா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிலர் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ்வரை அந்தப் பழைய தடத்திலேயே சைக்கிளில் சென்றனர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் கடலில் சக்கரம் நனைத்தவர்கள் அவ்வூரின் வழியே வந்தனர். அவருள் எத்தனை பேர் கோட்டைப் பக்கம் எட்டிப் பார்த்திருப்பர்? கோட்டை இருந்த இடத்தில் இன்று அருங்காட்சியகம் உள்ளது.

1896-இல் யெல்லோஸ்டோனில் எடுத்த நிழற்படம் ஒன்று நிலைத்திருக்கிறது. வெந்நீர் வழிந்து வழிந்து படிப்படியாய் உறைந்த வெண்சுண்ணப் பாறை. அதன்மேல் சீருடையோடு எட்டு வீரர், ஆளுக்கொரு சைக்கிளைப் பிடித்தபடி நிற்கின்றனர்.