சுமிக்ரான் 50 மி.மீ.

லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்காக ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகர லைட்ஸ் நிறுவனம் உருவாக்கிய நார்மல் லென்ஸ். மிகப் பெரிய திறப்பு எஃப் 2. குழல் உள்ளே மடங்கும் முதல் வகை 1953-இலும், மடங்காத வகை 1956-இலும் வந்தன. இவற்றால் பொதுவாக 1 மீட்டருக்கு மேல் நெருங்கிப் படமெடுக்க முடியாது. வால்டர் மாண்ட்லர் வடிவமைத்து 1979-இல் வெளிவந்த வகை 0.7 மீட்டர் வரை நெருங்கும்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குப் பழைய வகைகளே பொருத்தம். அவற்றின் காண்ட்ராஸ்ட் சற்றுத் தணிந்தது; உச்சி வெயிலிலும் நிழல் ஒரேயடியாகக் கறுத்துவிடாமல், திண்ணை மூலையில் சாய்ந்திருப்பவரின் முகம் நெகட்டிவில் தங்கும். கூர்மை மட்டுமே வேண்டுவோர் 1979 வகையை நாடலாம்.

வானத்தைக் கறுக்கவைத்து மேகத்தை எடுத்துக்காட்ட மஞ்சள் ஃபில்டர் உதவும். அதற்கு ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகத் தேவை. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை என்பதால் ஃபில்டரின் விளைவு கண்ணுக்குத் தெரியாது. ஒளி அளக்கும் மீட்டரும் தனியாக இருந்தால் இந்தக் கணக்கைப் படமெடுப்பவரே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது திறப்பை முழுதாக விரித்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டாயம். முதல் வகையின் முன்கண்ணாடிப் பூச்சு மென்மையானது. துணியால் துடைத்துத் துடைத்தே மயிரிழைக் கீறல்கள் விழுந்திருக்கும். உள்ளே படிந்த மங்கலைப் பெரும்பாலும் துடைத்தெடுக்கலாம், கீறலை அப்படி நீக்க முடியாது.