புலிகள் காப்பகத்தில் நடைப்பயணம்: தேன்வா நதிக்கரையில் சாத்பூரா காடு

இந்தியாவின் பெரும்பாலான புலிகள் காப்பகங்களில் சுற்றுலாப் பயணி ஜீப்பிலிருந்து கீழே இறங்குவதற்கு அனுமதி இல்லை. மத்தியப் பிரதேசத்தின் சாத்பூரா இதற்கு விதிவிலக்கு. இங்கு வனத்துறை வகுத்துள்ள குறிப்பிட்ட தடங்களில், வழிகாட்டியுடன் நடந்தே காட்டைக் காணலாம். புலிகள் நடமாடும் காட்டில் மனிதர் நடப்பதற்கு இவ்வாறு இடமளிக்கும் காப்பகங்கள் நாட்டில் மிகச் சிலவே.

நர்மதாபுரம் மாவட்டத்தில் (முன்னாள் ஹோஷங்காபாத்) அமைந்துள்ள இக்காப்பகம், சாத்பூரா தேசியப் பூங்கா, போரி, பச்மரி ஆகிய இரு வனவிலங்கு சரணாலயங்கள் ஆகியவற்றை உள்ளடக்கியது. சுற்றியுள்ள இடைநிலை வனப்பகுதியையும் சேர்த்து இதன் பரப்பு 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். மாநிலத்தின் மிக உயரமான சிகரமான துப்கர் (சுமார் 1,350 மீட்டர்) இதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் சாத்பூரா இடம்பெற்றது. பழங்கால ஓவியங்களைக் கொண்ட பாறைக் குகைகள் பலவும் இங்கு உள்ளன.

காப்பகத்தின் முக்கிய வாயிலான மடாய், தேன்வா நதியின் கரையில் உள்ளது. மலையிலிருந்து இறங்கும் தேன்வா, தவா நதியுடன் கலக்கிறது. தவா, நர்மதையின் துணை நதி. 1970-களில் தவா அணை நிறைவடைந்த பிறகு, அதன் தேங்குநீர் தேன்வாவின் பள்ளத்தாக்கு வரை பரவியது. எனவே மடாயில் பயணிகள் முதலில் படகில் ஏறி அக்கரை சென்ற பின்னரே காட்டுக்குள் நுழைய முடியும். குளிர்காலத்தில் இந்த நீர்ப்பரப்பில் பட்டைத்தலை வாத்துகள் கூட்டமாகத் தங்குகின்றன. நீர்நாய்களும் முதலைகளும் கரையோரத்தில் தென்படும். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது சேற்று நிலத்தில் இளம்புல் முளைக்கிறது. புள்ளிமான்களும் காட்டெருமைகளும் அதைத் தேடி வருகின்றன.

நடப்பது எப்படி?

காலை வெயில் ஏறுவதற்கு முன்பே நடை தொடங்கிவிடும். சிறு குழுவாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். வழிகாட்டியைத் தாண்டி முன்னால் செல்லக் கூடாது. காட்டின் நிறத்தோடு ஒத்துப்போகும் பச்சை, பழுப்பு ஆடைகள் உகந்தவை. வாசனைத் திரவியம், பளிச்சிடும் நிறங்கள், உரத்த பேச்சு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தோடு வருவோருக்கு சாத்பூரா ஏற்ற இடமல்ல. மேடு பள்ளமான நிலமும் அடர்ந்த மரங்களும் பார்வையை மறைத்துவிடும். அதற்கு கான்ஹா, பாந்தவ்கர் போன்ற காப்பகங்கள் பொருத்தமானவை. நடந்து செல்பவருக்கு இங்கு கிடைப்பது வேறு வகையான அனுபவம். ஈர மணலில் பதிந்த பாதச்சுவடு நேற்றையதா, இன்றையதா என்பதை வழிகாட்டி அதன் விளிம்பைப் பார்த்தே கூறிவிடுவார். கடமானும் மந்தியும் எழுப்பும் எச்சரிக்கை ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை வைத்துச் சிறுத்தையின் போக்கைக் கணிப்பார். கரடி தோண்டிய கரையான் புற்று, மரப்பட்டையில் நகம் கீறிய தடம், எச்சத்தில் கிடக்கும் விதைகள் ஆகியவை ஜீப்பின் வேகத்தில் கண்ணில் படாதவை.

மரங்களில் பலவும் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானவைதான். தேக்கும், முதலைத் தோல் போல் வெடித்த பட்டையுடைய கருமருதும் இங்கு மிகுதி. ஓடைக்கரைகளில் மருதமரம் நிற்கிறது. பச்மரி பீடபூமியில் சால் மரங்களும் வளர்கின்றன. தேக்குக்காடும் சால் காடும் சந்திக்கும் பகுதி என்பதால் தாவரவியலாளர்கள் சாத்பூராவைத் தனித்துக் குறிப்பிடுவர். உச்சிக் கிளைகளில் தாவும் ராட்சத அணிலை, அண்ணாந்து பார்க்கும் பொறுமை உள்ளவர் காணலாம்.

ஆபத்து புலியால் வருவதைவிடக் கரடியால் வருவதே அதிகம். கரடிக்குப் பார்வைத் திறன் குறைவு. உணவு தேடும் மும்முரத்தில், மனிதர் மிக அருகில் வரும்வரை கவனிக்காமல், திடுக்கிட்டுத் தாக்கிவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மகுவா எனப்படும் இலுப்பை வகை மரத்தின் பூக்கள் உதிரும்போது, அதைப் பொறுக்கக் கிராமத்தவரும் கரடியும் ஒரே மரத்தடிக்கு, அதே விடியற்காலையில் வருகின்றனர். எந்த விலங்கைக் கண்டாலும் ஓடக் கூடாது என்பதே வழிகாட்டிகள் முதலில் கற்றுத்தரும் விதி.

புல்வெளியாக மாறிய வயல்கள்

நடைப்பயணிகள் வியந்து பார்க்கும் புல்வெளிகளில் சில, முன்பு கோண்டு, கோர்க்கு பழங்குடியினரின் வயல்களாக இருந்தவை. காப்பகத்தின் மையப் பகுதியில் இருந்த கிராமங்கள் படிப்படியாக வெளியே குடியமர்த்தப்பட்டன. மத்திய அரசின் திட்டப்படி ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட 10 லட்சம் ரூபாய், 2021-இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. வயல்கள் புல்வெளியானதும் காட்டெருமைகள் வந்தன. கான்ஹாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பாரசிங்கா எனும் சதுப்பு மான்களும் இங்கு விடப்பட்டன. வனவிலங்குப் பாதுகாப்பின் கணக்கில் இது வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் விலையைச் செலுத்தியவர்கள் குறித்து சுற்றுலாக் கையேடுகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

அணை கட்டப்பட்டபோது நிலம் இழந்த குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1996-இல் தவா நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கும் உரிமை அவர்களின் கூட்டுறவு அமைப்பான தவா மத்ஸ்ய சங்கத்துக்குக் கிடைத்தது. பத்தாண்டுக் காலம் அவர்களே மீன் பிடித்து, விற்று, வருவாயைப் பகிர்ந்துகொண்டனர். நீர்த்தேக்கத்தின் ஒரு பகுதி காப்பகத்துக்குள் வருவதால், வனச் சட்டத்தைக் காரணம் காட்டி அந்தக் குத்தகை பின்னர் நீட்டிக்கப்படவில்லை. பயணிகளின் படகு செல்லும் நீரில் வலை வீச அவர்களுக்கு உரிமை இல்லாமல் போனது.

இந்த முரண்பாடு இங்கு புதிதல்ல. 1862-இல் பச்மரிக்கு வந்து பைசன் லாட்ஜ் என்ற கட்டடத்தை எழுப்பிய ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் ஃபோர்சித், மத்திய இந்தியக் காடுகள் பற்றி எழுதிய நூல் 1871-இல் வெளியானது. அவரது பெயரில் நடைப்பயணங்கள் இன்றும் நடத்தப்படுகின்றன. அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு, இதே மலைகளில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டவர் பழங்குடித் தலைவர் பபூத் சிங். 2025-இல் மாநில அரசு பச்மரி சரணாலயத்துக்கு அவரது பெயரைச் சூட்டுவதாக அறிவித்தது. போரி காடு 1865-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது; நாட்டின் முதல் காப்புக்காடு இதுவே எனக் கூறப்படுகிறது.

செல்லும் காலமும் வழியும்

ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் மையப் பகுதி மூடப்பட்டிருக்கும். அக்டோபரில் திறந்ததும் காடு பசுமையாகவும் ஓடைகள் நிறைந்தும் இருக்கும். நடக்க இதமான காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் விலங்குகள் நீர்நிலைகளில் கூடுவதால் எளிதாகக் காணலாம் என்றாலும், 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் நடப்பது அனைவராலும் இயலாது. புதன்கிழமை பிற்பகல்களில் காப்பகத்துக்குள் அனுமதி இல்லை.

சென்னை - டெல்லி ரயில் பாதையில் உள்ள இட்டார்சி சந்திப்பில் இறங்கி, ஜபல்பூர் வழித்தடத்தில் சோஹாக்பூர் சென்றால் மடாய் அருகில்தான். பச்மரிக்குச் செல்வோர் அதே வழித்தடத்தில் பிபாரியாவில் இறங்க வேண்டும். விமானத்தில் வருவோர் போபாலிலிருந்து சாலை வழியாக வரலாம். அனுமதிச் சீட்டுகளை மாநில வனத்துறையின் இணையதளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம். நடைப்பயணத்துக்கான இடங்கள் குறைவு என்பதால், விடுமுறை நாட்களில் செல்வோர் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது. அடையாள அட்டையின் அசலையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.