வடிவமைப்புத் திறனும் சோதனைத் திறனும்: பாலாற்றுப் படுகையின் பாடம்

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிலில் மரப்பட்டைச் சாற்றின் இடத்தைக் குரோமிய உப்பு பெருமளவு பிடித்துக்கொண்ட பின்னர், கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது; வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கிய தீர்ப்பு, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையோ தனி நிலையத்தையோ கட்டாயமாக்கியது.

இத்தகைய நிலையத்தின் வடிவமைப்புத் திறன் என்பது, வரவிருக்கும் கழிவின் தன்மையை ஊகித்து, தொட்டிகளின் கொள்ளளவையும் காற்றூட்டும் பொறிகளின் ஆற்றலையும் கொண்டு, நாளொன்றுக்கு இத்தனை கன மீட்டர் எனப் பொறியாளர் முன்கூட்டிக் கணிப்பதாகும். சோதனைத் திறன் என்பது, உண்மையான கழிவுநீரைச் செலுத்தி, வெளியேறும் நீர் விதித்த வரம்புக்குள் நிற்கும்வரை நிலையம் ஏற்கும் அளவை அளந்து உறுதிசெய்வதாகும்.

பச்சைத் தோல் கெடாதிருக்கத் தூவும் உப்பு கழிவுநீரில் கரைந்து வருவதாலும், நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பு அதை நீக்காததாலும், உயிர்வேதி ஆக்சிஜன் தேவையில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்னும் வரம்பை எட்டும் நீர்கூட, கரைந்த திடப்பொருளுக்குரிய 2,100 மில்லிகிராம் வரம்பை மீறக்கூடும் என்பதால், எதிர்ச் சவ்வூடுபரவல் தேவைப்பட்டது.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொது நிலையமொன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டது, நீரின் தரத்தைப் போலவே சுவரின் தாங்குதிறனும் அளந்தறியப்பட வேண்டியது என்பதைக் காட்டுகிறது; வரைபடத்து எண் எதிர்பார்ப்பு மட்டுமே, உயிரையும் ஆற்றையும் காப்பது சோதித்து மெய்ப்பித்த எண்ணே.