எந்த ஊர்ச் சாண்ட்விச் சிறந்தது?



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். அரசர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் பற்றிப் பேசவேண்டிய வரலாற்று ஆசிரியன் ஒருவன், இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு இடையே இறைச்சியை வைத்து உண்ணும் ஓர் உணவைப் பற்றிப் பேச முற்படலாமா என்று வினவலாம். பேசலாம் என்பதே என் துணிபு. அரசர்கள் விட்டுச் சென்ற கல்வெட்டுகள் வரலாற்றுக்குச் சான்றாவது போலவே, உழைப்பவர்கள் நண்பகலில் உண்ட உணவும் வரலாற்றுக்குச் சான்றாகும். அச்சான்றைப் படிக்கத் தெரிந்தவர்கள்தாம் குறைவு.

அமெரிக்க நாட்டில் நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகின்றது. அதற்கு நீதிமன்றம் இல்லை, தீர்ப்பும் இல்லை. நம் நாட்டுச் சாண்ட்விச்சுகளுள் சிறந்தது எந்த ஊரினது என்பதே அவ்வழக்கு. ஒவ்வோர் ஊராரும் தம் ஊரையே சுட்டுவர். ஊருக்குள் வந்தால், எந்தத் தெருவில், எந்தக் கடையில் என்று மீண்டும் பூசல் எழும். நான் அவ்வூர்களை நேரிற் கண்டவன் அல்லன், நூல்வழி அறிந்தவன். ஆதலால் சுவையைப் பற்றித் தீர்ப்புக் கூற முன்வரேன். ஆனால் இப்பூசலின் அடியில் என்ன இருக்கின்றது என்பதை ஆராய்வது வரலாற்று மாணவனின் கடமையாகும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இங்கிலாந்தில் சாண்ட்விச் என்பது ஓர் ஊர். அவ்வூரின் பெயரால் அமைந்த பிரபுப் பட்டத்தைத் தாங்கிய நான்காமவர் ஜான் மாண்டேகு என்பவர். 1718 முதல் 1792 வரை வாழ்ந்தவர். அந்நாட்டுக் கடற்படைத் துறையின் தலைமையை வகித்தவர். அவர் சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, இறைச்சியை ரொட்டித் துண்டுகளுக்கு இடையே வைத்துத் தரச் சொன்னார் என்பது எங்கும் வழங்கும் கதை. இக்கதைக்கு மூலம், லண்டன் மாநகருக்குச் சென்று வந்த குரோலே என்ற பிரெஞ்சுக்காரர் 1770-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலாகும். பிரபுவின் வரலாற்றை நம் காலத்தில் எழுதிய ராட்ஜர் என்ற அறிஞரோ, அவர் அலுவலில் இடையறாது உழைத்தவர் என்பதைக் காட்டி, முதற் சாண்ட்விச் எழுதும் மேசையிலேயே உண்ணப்பட்டிருக்கக்கூடும் என்று கருதுகின்றார். ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிப் புகழ்பெற்ற எட்வர்டு கிப்பன் தம் நாட்குறிப்பில் 1762-ஆம் ஆண்டிலேயே இச்சொல்லை உணவின் பெயராகக் குறித்திருக்கின்றார். நாட்குறிப்பு அன்றன்று எழுதப்படுவது. பயணியின் கதையோ காதுவழிக் கேட்டது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதை நீங்கள் எளிதில் உணர்வீர்கள்.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு அமெரிக்காவுக்குச் செல்வோம். மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மாட்டிறைச்சி வைத்த ரொட்டியை இறைச்சிச் சாற்றில் தோய்த்து உண்ணும் வழக்கம் உண்டு. அதனை முதன்முதற் செய்தவர் யாவர்? பிலிப் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய கடையும், கோல்ஸ் என்ற கடையும் அப்பெருமையைத் தமக்கே உரித்தாக்கின. இரண்டும் 1908-ஆம் ஆண்டில் தோன்றியவை. பிலிப் கடையாருடைய கதையே பலவாறு வழங்குகின்றது. ரொட்டி கைதவறிச் சாற்றில் விழுந்தது என்பர் ஒரு சாரார். வாடிக்கையாளர் ஒருவரே தோய்த்துத் தரும்படி கேட்டார் என்பர் மற்றொரு சாரார். ஒரே நிகழ்ச்சிக்குப் பல கதைகள் வழங்குமாயின், அந்நிகழ்ச்சி நடந்தபொழுது அதனை ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்று நாம் ஊகிக்கலாம். எளியோர் உணவின் பிறப்பை எழுதி வைக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை.

கிழக்கே பிலடெல்பியா நகரில், தெற்குப் பகுதியில் இத்தாலியக் குடியேறிகள் நிறைந்த கடைவீதி ஒன்று உண்டு. அதன் அருகே சிறு கடை வைத்திருந்த பேட் ஒலிவியேரி என்பவர் 1930-ஆம் ஆண்டில் மாட்டிறைச்சியை மெல்லியதாக நறுக்கி, வெங்காயத்துடன் வாட்டி, நீண்ட இத்தாலிய ரொட்டியில் வைத்தார். அதன் மணத்தால் ஈர்க்கப்பட்ட வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரே முதலில் அதனை விரும்பிக் கேட்டார் என்பது அக்கடையாரின் மரபு. பாலாடைக்கட்டி அதிற் சேர்ந்தது பின்னரே. 1966-ஆம் ஆண்டில் அதே சந்திப்பில், எதிரிலேயே ஜீனோஸ் என்ற கடை எழுந்தது. அன்றுமுதல் ஊரார் இரு கட்சியாயினர். இரு கடைகளிலும் உள்ளவை ஏறத்தாழ ஒரே ரொட்டியும் ஒரே இறைச்சியுமே, வழக்கோ தீரவில்லை. காரணம் யாது? அங்கே மக்கள் காப்பாற்றுவது தங்கள் தந்தையர் நின்று உண்ட இடத்தின் நினைவையே என்று நான் கருதுகின்றேன்.

இனி, நான் முதன்மையாகச் சொல்ல விரும்பும் ஊருக்கு வருகின்றேன். அது மிசிசிப்பி ஆற்றின் கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் 1718-ஆம் ஆண்டில் நிறுவிய நகரம் அது. பின்னர் ஸ்பானியர் ஆட்சியையும் கண்டது. அவ்வூரின் பிரெஞ்சு ரொட்டி, மேலே நொறுங்கும் மெல்லிய ஓடும் உள்ளே பஞ்சு போன்ற மென்மையும் உடையது. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய அந்த ரொட்டியை இன்றளவும் சுட்டு விற்கும் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றை 1896-ஆம் ஆண்டில் தொடங்கியவர், ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த லைடன்ஹைமர் என்பவர். அதே ஊரின் ஆற்றோரத் தெருவில், 1906-ஆம் ஆண்டில் மளிகைக் கடை வைத்த சிசிலித் தீவினர் சால்வடோர் லூப்போ. சந்தைக்கு வந்த தம் நாட்டு உழவர்கள் ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டி, ஆலிவ் ஊறுகாய் ஆகியவற்றைத் தனித்தனியே வைத்துக்கொண்டு உண்ண இடர்ப்படுவதைக் கண்டு, அனைத்தையும் ஒரே வட்ட ரொட்டிக்குள் அடக்கித் தந்தார் என்று அவர் குடும்பத்தார் கூறுவர். அதற்கு முஃபுலெட்டா என்று பெயர்.

இவற்றினும் புகழ்பெற்றது அவ்வூரின் 'போபாய்'. 'ஏழைப் பையன்' என்பதே அச்சொல்லின் பொருள். வறுத்த இறாலோ, கடற்சிப்பியோ, குழம்பில் ஊறிய மாட்டிறைச்சியோ வைத்த நீண்ட ரொட்டி அது. இப்பெயரின் பின்னே ஒரு பெரும் போராட்டம் இருக்கின்றது.

பென்னி மார்ட்டின், கிளோவிஸ் மார்ட்டின் என்ற உடன்பிறந்தார் இருவர் சிற்றூரிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வந்து, டிராம் வண்டிகளில் நடத்துநர்களாகப் பணியாற்றினர். பின்னர் 1922-ஆம் ஆண்டில் பிரெஞ்சுச் சந்தையில் காப்பிக் கடையும் உணவுக் கடையும் தொடங்கினர். 1929-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ 1,100 பேருடைய வேலையும், அவர்கள் சங்கம் நிலைப்பதும் அழிவதும் அதனைப் பொறுத்திருந்தன. நிறுவனத்தார் வெளியூரிலிருந்து மாற்றாட்களைக் கொணர்ந்தனர். சினமுற்ற கூட்டம் டிராம் வண்டிக்குத் தீ வைத்தது. ஊர்மக்களுள் பெரும்பாலோர் தொழிலாளர் பக்கம் நின்று, வண்டிகளில் ஏறாமல் நடந்து சென்றனர்.

அந்நிலையில் மார்ட்டின் உடன்பிறந்தார், சங்கத்தின் உறுப்பினர் எவர் வந்தாலும் உணவு இலவசம் என்று கடிதம் எழுதி அறிவித்தனர். பசித்து வரும் தொழிலாளி ஒருவரைக் கண்டதும், இதோ ஓர் ஏழைப் பையன் வருகின்றான் என்று கடைக்குள் இருப்பவர்கள் சொல்லிக்கொள்வார்களாம். அதுவே உணவின் பெயராயிற்று என்று பென்னி மார்ட்டின் பின்னாளில் கூறினார். கடிதம் அந்நாளைய எழுத்துச் சான்று. பெயர் பிறந்த கதை பிற்கால நினைவு. உணவு இலவசமாக அளிக்கப்பட்டது என்பதை உறுதியாகக் கொள்ளலாம். பெயர்க்காரணத்தை, ஏற்கத்தக்க மரபு என்ற அளவில் கொள்ளலாம்.

இந்நிகழ்ச்சியில் மற்றொரு நுட்பமும் உண்டு. பழைய பிரெஞ்சு ரொட்டி இரு முனைகளிலும் குறுகியிருக்கும். அம்முனைகள் சாண்ட்விச்சுக்கு ஏலா, ஆதலால் வீணாகும். நூற்றுக்கணக்கானோர்க்கு உணவளிக்கும் கடைக்கு அவ்விழப்புச் சிறிதன்று. ஜான் ஜெண்டுசா என்ற இத்தாலிய வழியினரான ரொட்டிக் கடைக்காரர், மார்ட்டின் உடன்பிறந்தாருக்காக 40 அங்குல நீளமும் முனைக்கு முனை ஒரே அகலமும் உடைய ரொட்டியைச் செய்து தந்தார். பசித்தோர்க்குச் சமமான பங்கு கிடைக்க வேண்டும் என்ற தேவையே அந்த வடிவத்தை ஈன்றது.

வேலைநிறுத்தம் வெற்றி பெற்றதா? இல்லை. தொழிலாளர்கள் தோற்றனர், பலர் பழைய வேலையை இழந்தனர். அடுத்து உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து வறுமையைப் பெருக்கியது. இன்னும் ஒன்றையும் மறைக்காமற் கூறவேண்டும். அந்த டிராம் வேலைகள் அக்காலத்தில் வெள்ளையர்க்கே உரியவையாய் இருந்தன. வண்டியில் கறுப்பின மக்களுக்குத் தனி இருக்கை. அம்முறை 1958-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. ஆகவே 'ஏழைப் பையன்' என்ற இரக்கம் அன்று அவ்வூரின் ஏழைகள் அனைவரையும் தழுவவில்லை. மார்ட்டின் உடன்பிறந்தாரின் ஈகை போற்றத்தக்கது. எனினும் அந்த ஈகை நிகழ்ந்த சமுதாயத்தின் குறையை வரலாறு மறத்தல் கூடாது.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாள்களில், மாணவர் மன்றத்தில் ஒருமுறை இப்பொருளையே சொற்போருக்கு வைத்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, செய்முறை தெரிந்தால் எந்த ஊரிலும் செய்யலாமே! ஊர்ப்பெயர் எதற்கு?" என்று கேட்டான். நல்ல வினா அது. அதற்கு மற்றொரு மாணவன், "செய்முறையைக் கடிதத்தில் அனுப்பலாம், அன்று காலையில் சுட்ட ரொட்டியை அனுப்ப முடியாதே!" என்று விடையிறுத்தான். அவன் கூறியது பெரிதும் உண்மை. நொறுங்கும் ஓடுடைய அந்த ரொட்டி ஒரு நாளில் தன் இயல்பை இழந்துவிடும். ஆகவே அருகிலே அடுப்பு வேண்டும். விடியுமுன் எழுந்து மாவு பிசையும் கை வேண்டும். நாள்தோறும் வந்து, தரம் குறைந்தால் முகஞ்சுளிக்கும் வாடிக்கையாளர் வேண்டும். இம்மூன்றும் கூடிய இடமே சிறந்த உணவு கிடைக்கும் இடம். இவற்றுள் ஒன்று அழிந்தால், விளம்பரப் பலகையில் பெயர் மட்டும் எஞ்சும்.

அவ்வாறு அழியக்கூடிய நிலையும் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தது. 2005-ஆம் ஆண்டில் கத்ரீனா என்னும் புயல் வீச, கரைகள் உடைந்து நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மக்கள் பல மாநிலங்களுக்குச் சிதறினர். சிறு கடைகள் பல மூடப்பட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007-இல், அவ்வூரின் ஓக் தெருவில் போபாயைக் காப்பதற்கென்றே ஒரு விழாத் தொடங்கப்பட்டது. அப்பொழுது பழைய வேலைநிறுத்தத்தின் வரலாற்றையும், மார்ட்டின் உடன்பிறந்தாரின் கடிதத்தையும், ஜெண்டுசாவின் ரொட்டியையும் ஆராய்ந்து மக்களுக்கு நினைவூட்டியவர், அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியரான மைக்கேல் மிசெல் நெல்சன். வீடிழந்த மக்களுக்கு ரொட்டியின் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். தாங்கள் எவ்வூரார் என்பதை மறவாதிருப்பதற்கு அது துணை செய்தது என்பதே விடை.

எனவே, மாணவர்களே, எந்த ஊர்ச் சாண்ட்விச் சிறந்தது என்று வழக்காடுவோரைக் கண்டு எள்ளாதீர்கள். அவர்கள் வழக்காடும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதனை முதலில் உண்டவர்கள் யாவர்? அவர்கள் எங்கிருந்து வந்து, என்ன வேலை செய்தனர்? இக்கதையை நமக்குச் சொன்னவர் யார், எப்பொழுது சொன்னார்? இம்மூன்றுக்கும் விடை தேடினால், நூல்களில் இடம்பெறாத நடத்துநர்களும் ரொட்டி சுடுவோரும் மளிகைக் கடைக்காரர்களும் உங்கள் முன் வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் வரலாற்றில் உரிய இடம் தருவது உங்கள் தலைமுறையின் பொறுப்பு.