மாடித்தோட்டம்: தொடக்க நிலை

மாடித்தோட்டம் என்பது வீட்டு மொட்டைமாடியில் பைகளிலும் தொட்டிகளிலும் கீரை, காய்கறி, மூலிகை, பூச்செடி ஆகியவற்றை வளர்க்கும் முறை. கொல்லைப்புறம் இல்லாத நகர வீடுகளுக்கு இதுவே கிடைத்த நிலம். 2013-14இல் தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை பை, தென்னைநார்க் கழிவு, விதை, உயிர் உரம் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் சென்னையிலும் கோவையிலும் வழங்கத் தொடங்கியது. பின்னர் இத்திட்டம் பிற ஊர்களுக்கும் சென்றது.

நிலத்தில் நிற்கும் செடி வேரை நீட்டி நீரும் சத்தும் தேடிக்கொள்ளும். பையில் நிற்கும் செடிக்கு அந்த வழி இல்லை. வளர்ப்பவர் இட்டதே அதற்குக் கிடைக்கும். ஆகவே விதை வாங்குவதற்கு முன்பே வெயில், மண்கலவை, நீர் ஆகிய மூன்றையும் முடிவுசெய்துகொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்குவோர் பலர் விதையில் தொடங்கி இவற்றுக்குப் பிறகு வருவதால்தான் முதல் முயற்சியிலேயே சோர்ந்துபோகின்றனர்.

காய் காய்க்கும் செடிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரை, புதினா, கொத்தமல்லி ஆகியவை அதைவிடக் குறைந்த வெயிலிலும் வளரும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்குப் பக்கம் உயர்ந்த கட்டடம் உள்ள மாடியில் அப்போது நிழல் நீளும். சித்திரையில் பார்த்த வெயிலை நம்பி இடம் குறிக்கக் கூடாது. ஈரக் கலவையின் எடை மிகுதி என்பதால் பெரிய தொட்டிகளைச் சுவரோரத்திலும் தூண், உத்தரம் உள்ள இடங்களிலும் வைப்பது வழக்கம். பழைய கட்டடமானால் கட்டடப் பொறியாளரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பைகளைத் தளத்தின் மீது நேராக வைக்காமல் செங்கல் அல்லது இரும்புத் தாங்கியின் மேல் வைத்தால் அடியில் நீர் தேங்காது, தளமும் கசியாது.

கலவையில் செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றையும் சம பங்காகச் சேர்க்கலாம். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் இடலாம். நார்க்கழிவு நீரைப் பிடித்துவைக்கும், எடையைக் குறைக்கும். ஆனால் அதில் சத்து மிகக் குறைவு. அதில் உப்பும் இருக்கும் என்பதால் கட்டியை நீரில் ஊறவிட்டு, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். வெறும் செம்மண்ணைப் பையில் நிரப்பினால் சில வாரங்களில் இறுகிவிடும். வேருக்குக் காற்று கிடைக்காது. கலந்ததை லேசான ஈரத்துடன் ஒரு வாரம், பத்து நாள் வைத்திருந்து, உரத்தின் சூடு தணிந்த பின் விதைப்பது நல்லது. பையின் அடியில் துளைகள் இருக்க வேண்டும். மேலே இரண்டு அங்குலம் காலியாக விட வேண்டும். கீரைக்கு அரை அடி ஆழம் போதும். வெண்டை, கத்தரி, மிளகாய்க்கு ஒரு அடியும், கொடிகளுக்கு ஒன்றரை அடியும் தேவை.

புதியவர்களின் செடிகள் தாகத்தால் வாடுவதைவிட மிகுதியான நீரால் அழுகுவதே அதிகம். நார்க்கழிவு கலந்த பையில் மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். விரலைக் கலவைக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாதபோது மட்டும் நீர் விட வேண்டும். கோடையில் காலை மாலை இரு வேளையும் தேவைப்படலாம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் நீரே வேண்டியதில்லை, துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரால் இலை ஓரம் கருகும். மழைநீர் சேமித்துள்ள வீடுகளில் அதைப் பயன்படுத்தலாம்.

முதலில் வளர்க்கத் தக்கவை கீரைகள். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை விதைகள் மிகச் சிறியவை என்பதால் மணலோடு கலந்து தூவுவர். சிறுகீரையை மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் தழைக்கும். அடுத்த படி வெண்டையும் கொத்தவரையும். இவற்றை நேரடியாக ஊன்றலாம். வெண்டை ஏறக்குறைய 45 நாளில் காய்க்கத் தொடங்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை நாற்றுவிட்டு, நான்கைந்து வாரத்தில் பிடுங்கி மாலை நேரத்தில் நட வேண்டும். விதைப்புக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் உகந்தவை. இரவு வெப்பம் தணியாத சித்திரை, வைகாசியில் தக்காளிப் பூக்கள் உதிர்ந்துவிடும். அப்போது பச்சை நிழல்வலை உதவும்.

பாகல், புடலை, சுரை, பீர்க்கு, பூசணிக் கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு தெரியும். உயரமான மாடிகளுக்குத் தேனீ வருவது குறைவு. பிஞ்சுகள் பழுத்து உதிர்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆண்பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூலகமுடியில் தடவினால் காய் பிடிக்கும். பாகல், பூசணிப் பூக்கள் காலையில் மலர்கின்றன. சுரை, புடலை, பீர்க்கம்பூக்கள் மாலையில் மலர்கின்றன. அந்தந்த நேரத்திலேயே இதைச் செய்ய வேண்டும்.

பூச்சிகளில் அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ மூன்றும் அதிகம் தொல்லை தருபவை. தண்டில் எறும்பு வரிசை தெரிந்தால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறதா என்று இலையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்புகள் வருகின்றன. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெள்ளை ஈ பரப்பும் வெண்டை மஞ்சள் நரம்புத் தேமலுக்கு மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுவதே வழி.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை கைப்பிடி மண்புழு உரம் இடுவதும், லிட்டருக்கு 30 மில்லி வீதம் பஞ்சகவ்யம் தெளிப்பதும் பரவலான வழக்கம். சமையலறைக் காய்கறிக் கழிவைக் காய்ந்த சருகுடன் அடுக்கி, ஈரம் காத்து வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும்.

விதைகளில் வீரிய ஒட்டு ரகங்களிலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தராது. நாட்டு ரகங்களிலும், பெரியகுளத்திலிருந்து வெளியான பி.கே.எம். 1 தக்காளி போன்ற ரகங்களிலும் விதை சேமிக்கலாம். அறுவடை முடிந்த பையின் கலவையைக் கொட்டி, வேர்களை நீக்கி, சில நாள் வெயிலில் உலர்த்தி, புதிய தொழு உரம் சேர்த்தால் மீண்டும் பயன்படும். தக்காளி நின்ற பையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த கத்தரியையோ மிளகாயையோ அடுத்து நடாமல், கீரையோ கொத்தவரையோ இட வேண்டும். இல்லாவிட்டால் கலவையில் தங்கிய வாடல் நோயும் நூற்புழுவும் புதிய நாற்றையும் தாக்கும்.