குருந்தம் போய் கார்போரண்டமாகத் திரும்பிய கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

என் பழைய மாணவன் ஒருவன் கடையநல்லூரில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு லேத் வைத்திருக்கிறான். சமீபத்தில் ஒரு பழைய சர்பேஸ் கிரைண்டரையும் வாங்கிப் போட்டான். பார்க்கப் போயிருந்தேன். "எவ்வளவு நைஸ் கல்லு போட்டாலும் ஸ்டீல்ல கருகல்தான் விழுது சார். இந்தக் கார்போரண்டம் கல்லே இப்படித்தானோ என்னமோ" என்றான். தகடு முழுக்கப் பழுப்புத் தீற்றல். மெஷினோடு வந்த கல் பச்சை நிறம், 120 நம்பர்.

எனக்கு அந்த மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் 'கார்போரண்டம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பழைய குற்ற உணர்ச்சி வந்தது. கனிமங்களின் கடினத்தன்மை பற்றிப் பாடம் நடத்தும்போது வைரம் 10, கொரண்டம் 9 என்று கரும்பலகையில் எழுதுவேன். இரண்டாவது ஆங்கிலப் பெயர், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்பேன். ஓய்வு பெற்ற பிறகுதான் ஆங்கில அகராதியில் அதன் வேர்ச்சொல்லைப் பார்த்தேன். தமிழ்ச் சொல்லான 'குருந்தம்' என்று போட்டிருந்தது! எத்தனை பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

குருந்தம் நம் மண்ணில் கிடைக்கும் கல். பழைய சேலம் மாவட்டத்தில், இன்றைய நாமக்கல் பக்கம் உள்ள சித்தம்பூண்டி இதற்குப் பேர்போன இடம். (சந்திரயான்-2 சோதனைக்காக நிலவு மண்ணைப் போலச் செய்ய இஸ்ரோ பாறை எடுத்ததும் அந்த வட்டாரத்தில்தான்.) மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்தத்தின் நிறம் ஏறிய வகைகளே. நிறமில்லாத, மங்கிய கல்லை இடித்துத் தூளாக்கி, உருக்கிய அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்தால் அதுதான் சாணை. கத்திக்கும் வாளுக்கும் ரத்தினக் கல்லுக்கும் அதில்தான் பட்டை தீட்டினார்கள். ஐரோப்பியர் இந்தக் கல்லையும் பெயரையும் சேர்த்தே எடுத்துப்போனார்கள். 1798ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், ஆசியாவிலிருந்து வந்த கொரண்டக் கல் பற்றி சார்லஸ் கிரெவில் எழுதிய கட்டுரை வெளிவந்தது.

1891ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் கலந்து மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினார். செயற்கை வைரம் செய்யும் ஆசை. கிடைத்தது மின்னும் சிறு படிகங்கள். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. குருந்தம் அதில் துளியும் இல்லை. தப்பு தெரிந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு பாக்சைட்டை மின் உலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தமும் செய்தார்கள். 1954ல் முருகப்பா குழுமம் அமெரிக்கக் கார்போரண்டம் கம்பெனியோடும் ஓர் இங்கிலாந்துக் கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. சென்னை திருவொற்றியூரில் கிரைண்டிங் வீல் தயாரானது. நம் சொல் உலகம் சுற்றி, வால் ஒன்று முளைத்து வீடு திரும்பியது.

இனி மாணவனின் கருகலுக்கு வருவோம். அன்று இரவு வாசித்ததில் விஷயம் புரிந்தது. பச்சைக் கல் சிலிக்கன் கார்பைடு. வார்ப்பிரும்பு, பித்தளை, கார்பைடு முனைகளுக்கு அது சரி. எஃகின் சூட்டில் அது இரும்போடு வினைபுரிந்து சீக்கிரம் மழுங்கும். எஃகுக்கு வேண்டியது உண்மையான குருந்தம், அதாவது வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்.

அடுத்தது, நைஸ் கல் போட்டால் நைஸ் பினிஷ் வரும் என்ற நம்பிக்கை. 120 நம்பர் கல்லில் பருக்கைகளுக்கு நடுவே துகள் அடைத்துக்கொள்ளும், சூடு ஏறும், கருகும். பெரும்பாலான வேலைக்கு 46 நம்பரே போதும். பினிஷைத் தீர்மானிப்பது வைர முனையால் கல்லைச் சீவும் வேகம். வைரத்தை மெதுவாக நகர்த்தினால் அதே 46 வழவழப்பான முகத்தைக் கொடுக்கும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கல்லின் பிடிப்பு. கல்லில் எழுதியிருக்கும் ஏ முதல் இசட் வரையான எழுத்து அதைச் சொல்கிறது. கடினமான எஃகுக்கு மென்மையான கல் வேண்டுமாம், ஹெச், ஐ, ஜே போல. மழுங்கிய பருக்கையைப் பிடித்து வைக்காமல் உதிர்த்துவிட்டால்தான் கீழே இருக்கும் கூரான பருக்கை வெளியே வரும். கெட்டியான கல் மழுங்கியதையே பிடித்துக்கொண்டு தேய்க்கும்.

வெள்ளைக் கல், 46, ஜே என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். திருநெல்வேலியில் வாங்கி வந்தான். மாட்டும் முன் கல்லின் வேகம் மெஷினுக்குச் சரியா என்று பார்க்கச் சொன்னேன். கல்லை விரலில் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டினான். 'டிங்' என்றது. இதுவும் சூளையில் சுட்டதுதானே, பானை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் தட்டிப் பார்க்கும் அதே சோதனை. பழைய பச்சைக் கல்லையும் தட்டினோம். 'டொக்' என்றது. உள்ளே விரிசல். அது ஓடும்போது சிதறியிருந்தால்? இனி யாரும் மாட்டாதபடி அங்கேயே சுத்தியலால் உடைக்கச் சொன்னேன்.

புதுக் கல்லில் வந்த தகட்டின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். அரக்குச் சாணை வைத்திருந்தவர்களைக் கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டைப் பக்கம் யாராவது பார்த்ததுண்டா? படம் இருந்தால் தவறாமல் பகிருங்கள்.