நிக்கிற ஆரக்கால், இழுக்கிற கம்பி

சென்னையில இருக்கிற தங்கச்சி மகன் ரோடு சைக்கிள் ஒண்ணு தானே பூட்டப் போறானாம். "மாமா, சக்கரத்துக்கு 20 கம்பியா, 32 கம்பியா?"ன்னு போன்ல கேட்டான்.

மாட்டுவண்டிச் சக்கரத்துல பாரம் அடியில இருக்கிற ஆரக்கால் மேல நிக்கும். சைக்கிள் கம்பி அப்படி நின்னா வளைஞ்சிரும். எல்லாக் கம்பியும் ரிம்மை ஹப்பை நோக்கி விறைப்பா இழுத்துப் பிடிக்கிறதாலதான் சக்கரம் நிக்குது. இந்த மாதிரி கம்பிச் சக்கரத்துக்கு 1869லேயே பாரிஸில் யூஜின் மேயர் காப்புரிமை வாங்கிட்டார்.

ஆனா அந்தக் காலத்துக் கம்பிகள் ஹப்பிலிருந்து நேரா ரிம்முக்கு ஓடின. பெடலை அழுத்தி மிதிச்சா ஹப் மட்டும் முறுக்கிக்கும். இங்கிலாந்தில், கவென்ட்ரியில் தையல் மிஷின் கம்பெனியில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஸ்டார்லி 1874ல் கம்பிகளைச் சாய்ச்சு, குறுக்கும் மறுக்குமா கோத்தார். மிதிக்கிற பலம் ரிம்முக்குப் போய்ச் சேர்ந்துச்சு. இன்னைக்கும் பின்சக்கரத்தில் பெரும்பாலும் அதே பின்னல்தான்.

"85 கிலோ இருக்கே மாப்ளே, 32 துளை ஹப்பே வாங்கு. இருபதுல ஒண்ணு அறுந்தா ரிம் கோணிக்கும், உருட்டிக்கிட்டுத்தான் வரணும்"னேன்.

எங்கப்பா நெல் மூட்டை ஏத்தின சைக்கிளில் முன்னால 32, பின்னால 40. பய இன்னும் முடிவு சொல்லல.